ஒரே அடுக்கில் செம்பும் மாங்கனீசும்: வாதி அரபாவின் இரு கரைகள்

தென் ஜோர்தானில், சாக்கடலுக்குத் தெற்கே நீளும் வாதி அரபா என்னும் வறண்ட பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில் உள்ள பண்டைய செம்புச் சுரங்க வட்டாரமான ஃபைனானைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அங்கே செம்புத் தாதுவும் மாங்கனீசுத் தாதுவும் ஒரே பாறை அடுக்கில் கலந்து கிடப்பதற்கு எரிமலைதான் காரணமா என்பது முதலாவது. பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில், வெகு தொலைவில், இஸ்ரேலில் உள்ள மற்றொரு பழைய செம்புச் சுரங்க இடமான திம்னாவும் ஃபைனானும் ஒரு காலத்தில் அருகருகே இருந்த ஒரே படிவு என்று சொல்லப்படுவது மெய்தானா என்பது இரண்டாவது. பச்சை படிந்த ஒரு கறுப்புக் கல் அங்கே கிடந்தால் அது தாதுவா, பழங்கால உலைகளின் கசடா என்று எப்படிப் பிரித்தறிவது என்பது மூன்றாவது. மூன்றுக்குமான விடை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேம்பிரியக் காலத்தின் மெல்லிய டாலமைட் (சுண்ணாம்புப் பாறை போன்ற ஒரு கார்பனேட்டுப் பாறை)–களிப்பாறை அடுக்கு ஒன்றில் இருக்கிறது என்பதால் அந்த அடுக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் நிலத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும். கிழக்கே தானா ஊரை ஒட்டிய மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே வாதி அரபாவின் தரை கடல்மட்டத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட செங்குத்தான சரிவை வாதி தானா, வாதி குவைர் முதலிய ஓடைகள் ஆழமாக அறுத்திருக்கின்றன. அவை கூடும் இடத்தில்தான் பண்டைய ஃபைனானின் இடிபாடுகள் உள்ளன. ஆண்டில் சில நாள்களே வெள்ளம் வரும் ஓடைகள் இவை; ஆனால் வரும்போது பாறையைக் கழுவித் துலக்கிவிட்டுப் போகும். மண்ணும் மரமும் மூடாத அந்தச் சுவர்களில் அடித்தளப் பாறையிலிருந்து மேலே உள்ள சுண்ணாம்புப் பாறை வரை ஒவ்வோர் அடுக்கையும் கண்ணால் பின்தொடரலாம். தாதுவைத் தேடிய பண்டைய மக்களுக்கு இது பெரும் உதவியாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் பச்சை நிறக் கோடு எந்த அடுக்கில் ஓடுகிறது என்று ஒரு பக்கச் சுவரில் பார்த்தவர்கள் அடுத்த ஓடையில் அதே அடுக்கை எந்த உயரத்தில் தேட வேண்டும் என்பதை எளிதில் கணித்திருப்பார்கள்.

கீழே உள்ள அடித்தளம் அரேபிய–நூபிய கேடயப்பாறையை, அதாவது கண்டத்தின் மிகப் பழைய கடினப் பாறைத் திட்டைச், சேர்ந்தது: கிரானைட்டும், அதை ஊடுருவிய பலவகைக் குறுக்குப் பாறைகளும், குவார்ட்ஸ் போர்ஃபிரி போன்ற எரிமலைப் பாறைகளும் அதில் உண்டு. அதன் மேல் நீண்ட காலம் அரிப்பு நடந்து தேய்ந்த ஒரு பழைய நிலப்பரப்பு. அந்தப் பரப்பின் மீது ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய, ஃபெல்ஸ்பார் மிகுந்த சாலிப் மணற்பாறை. அதற்கு மேல் புர்ஜ் அமைப்பு. அதற்கும் மேல் உம் இஷ்ரின் எனப்படும் பருத்த பழுப்பு மணற்பாறை. பெட்ரா நகரின் முகப்புகள் குடையப்பட்டிருப்பது இந்த மேல் மணற்பாறை வகையில்தான் என்பதால் படங்களில் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். நம் பொருளுக்கு மையமானது நடுவில் உள்ள புர்ஜ். ஏறத்தாழ 51 கோடி ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து ஆழம் குறைந்த கடல் ஒன்று இந்த நிலத்தின் மீது ஏறி வந்து, பின் விலகிய கதையின் பதிவு அது. டாலமைட், சுண்ணாம்புப் பாறை, களிப்பாறை ஆகியவை மாறி மாறி வருகின்றன. வடக்கே சாக்கடல் ஓரத்தில் இதே அமைப்பில் டிரைலோபைட்டு என்னும் அழிந்துபோன கடலுயிரியின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. தெற்கே செல்லச் செல்ல இது மெலிந்து, கடைசியில் மணற்பாறைக்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே ஃபைனான் அந்தக் கேம்பிரியக் கடலின் ஓரத்தில், கடல் படிவும் நிலப் படிவும் விரல் கோத்ததுபோல் கலக்கும் எல்லையில் இருந்தது. இந்த எல்லை என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாது அங்கே இருப்பதற்குக் காரணமே அதுதான்.

புர்ஜ் அமைப்பின் மேற்பகுதியில், களிப்பாறையோடு ஒட்டிய இடத்தில், தாதுப் பட்டை இருக்கிறது. புதிதாக உடைத்த ஒரு துண்டைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் கனம். உடைந்த முகத்தில் பெரும்பகுதி மங்கிய கறுப்பு. சில இடங்களில் ஊசிகள் நெருக்கமாக அடுக்கியதுபோல உலோகப் பளபளப்பு. சில இடங்களில் தொட்டால் விரலில் ஒட்டும் மென்மையான தூள். இவை பைரொலூசைட்டும், பேரியம், ஈயம், பொட்டாசியம் ஆகியவற்றைத் தம் படிகக் கூட்டுக்குள் வைத்திருக்கும் ஹாலண்டைட் இனத்து மாங்கனீசு ஆக்சைடுகளும் ஆகும். அந்தக் கறுப்பின் ஊடே முடியளவிலிருந்து விரலளவு வரையான பச்சை இழைகள் ஓடுகின்றன. ஆழ்ந்த பச்சையாக இருப்பது மாலகைட் என்னும் செம்புக் கார்பனேட்டு. நீலம் கலந்த பச்சையாக, பீங்கான் போன்ற வழவழப்புடன் இருப்பது கிரைசோகொல்லா முதலான செம்புச் சிலிக்கேட்டு. சில துண்டுகளின் நடுவில் ஈயச் சாம்பல் நிறத்தில் கால்கோசைட், அதாவது செம்புச் சல்ஃபைடு, சிறு எச்சமாக மீந்திருக்கும். அந்தச் சிறிய சாம்பல் நிறப் புள்ளி மிக முக்கியமான சாட்சி. இன்று நாம் காணும் பச்சைத் தாது முதலில் பச்சையாகப் பிறக்கவில்லை, ஆக்சிசன் எட்டாத சூழலில் சல்ஃபைடாக உருவாகிப் பின்னர் மாறியது என்பதை அது சொல்கிறது.

இப்போது எரிமலைக் கேள்விக்கு வருகிறேன். எரிமலை நேரடிக் காரணம் அன்று. அடித்தளத்தில் எரிமலைப் பாறைகள் இருப்பது உண்மைதான். அவற்றில் சிறிய அளவில் செம்புத் தாது இருப்பதும் உண்மை. ஆனால் அந்த எரிமலைகள் அவிந்து, அவற்றின் மலைகள் தேய்ந்து சமமாகி, மேலே ஆற்று மணல் படிந்து, அதன் பிறகே புர்ஜ் கடல் வந்தது. தாது அடுக்கு உருவான நேரத்தில் அங்கே கொதித்துக்கொண்டிருந்த எரிமலை எதுவும் இல்லை. தாது அடுக்கின் வடிவமும் அப்படிப்பட்ட பிறப்பை ஆதரிக்கவில்லை: கீழிருந்து மேலே பாய்ந்த வெப்ப நீரின் தாது என்றால் அது அடுக்குகளைக் குறுக்கே வெட்டும் நரம்புகளாக, சுற்றுப்பாறையை வெப்பத்தால் மாற்றிய தடயங்களுடன் இருக்கும். இங்கே தாது அடுக்கோடு அடுக்காகப் பரவி, ஓடைக்கு ஓடை அதே மட்டத்தில் தொடர்கிறது. எனவே எரிமலைப் பாறையைச் செம்பின் தொலைதூர மூலங்களுள் ஒன்றாக மட்டும் கொள்வதே சரி. தேய்ந்த அடித்தளப் பாறை தன் செம்பை நீருக்கும் வண்டலுக்கும் கொடுத்தது. அந்த நீர் செம்பை எங்கே கைவிட்டது என்பதைத் தீர்மானித்தது வேறு ஒன்று.

அதைப் புரிந்துகொள்ள இரு உலோகங்களின் குணத்தையும் பார்க்க வேண்டும். மாங்கனீசு ஆக்சிசன் குறைந்த நீரில் ஈரிணைதிற அயனியாக (இரண்டு நேர்மின்னேற்றம் கொண்ட துகளாக) கரைந்து தொலைதூரம் பயணிக்கும். ஆக்சிசன் உள்ள இடத்தை எட்டியதும், அதிலும் நீர் காரத்தன்மை பக்கம் சாய்ந்திருந்தால், நான்கிணைதிற ஆக்சைடாக மாறிக் கறுப்பாகப் படியும். செம்பு ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. ஆக்சிசன் உள்ள, சற்றே அமிலமான அல்லது குளோரைடு மிகுந்த நீரில் அது நன்றாகக் கரையும். ஆக்சிசனற்ற, கந்தகம் உள்ள இடத்தை எட்டியதும் சல்ஃபைடாகப் படிந்துவிடும். ஒன்று கரையும் நீரில் மற்றொன்று படிகிறது. எனவே ஒரே நீர் இரண்டையும் சுமந்து வந்து ஒரே நொடியில் இறக்கியது என்று கற்பனை செய்வது வேதியியலுக்குப் பொருந்தாது. இவ்விரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதால் சேர்ந்திருக்கவில்லை. ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டதால் சேர்ந்திருக்கின்றன. இந்தப் படிவைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மனத்தில் நிறுத்த வேண்டுமென்றால் இதைத்தான் நிறுத்தச் சொல்வேன்.

அந்த இடம் ஏன் இரண்டையும் பிடித்தது? மூன்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வேலை செய்தன. டாலமைட் ஒரு கார்பனேட்டுப் பாறை; அமிலம் கலந்த எந்த நீர் வந்தாலும் அதைச் சமப்படுத்திவிடும், அமிலத்தன்மை போனதும் செம்பு மாலகைட்டாகப் படியும். களிப்பாறை நீர் எளிதில் புகாத தடுப்பு. மேலும் கீழும் உள்ள மணற்பாறைகளில் தாராளமாக ஓடும் நிலத்தடி நீர் இந்தத் தடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது, ஆகவே நீண்ட காலம் அதே பரப்பை உரசிச் சென்றது. மூன்றாவது காரணம்தான் மிக நுட்பமானது. முதலில் படிந்த மாங்கனீசு ஆக்சைடு தானே மற்ற உலோகங்களைப் பிடிக்கும் ஒரு பொறியாக மாறுகிறது. அதன் துகள்களின் மேற்பரப்பு இயல்பான நீரில் எதிர்மின் தன்மை கொண்டது. நேர்மின் கொண்ட செம்பு, நிக்கல், கோபால்ட், ஈயம் போன்ற அயனிகளை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆழ்கடல் தரையில் கிடக்கும் மாங்கனீசு உருண்டைகளில் செம்பு சேர்வதும் இதே வழியில்தான். மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்தியா ஆய்வு செய்துவருவதும், அதற்கான கடலடி இயந்திரங்களைச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவருவதும் மாங்கனீசுக்காக மட்டுமல்ல, அது பிடித்து வைத்திருக்கும் செம்பு, நிக்கல், கோபால்ட்டுக்காகவும்தான். சூழல் முற்றிலும் வேறு என்றாலும் ஃபைனானின் கறுப்பு அடுக்கில் நடந்த பிடிப்பு வேலையின் வேதியியல் அதே வகையைச் சேர்ந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இப்படிச் சொல்வதால் எல்லாம் கேம்பிரியக் காலத்திலேயே முடிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. எதிர்க்கரையில் திம்னாவின் மாங்கனீசு உருண்டைகளைப் பொட்டாசியம்–ஆர்கான் என்னும் கதிரியக்க வயதுக் கணிப்பு முறையில் ஆராய்ந்தபோது, வண்டல் படிந்த காலத்துக்கு வெகு பின்னரும் அந்த அடுக்கில் மாற்றங்கள் தொடர்ந்ததைக் காட்டும் வயதுகள் கிடைத்தன. செம்பும் அப்படியே. ஃபைனானில் புர்ஜுக்கு மேலுள்ள பழுப்பு மணற்பாறையின் வெடிப்புகளிலும் மணல் துகள்களின் இடுக்குகளிலும் மாலகைட்டும் பாராடக்கமைட்டும் கிடைக்கின்றன. அங்கே மாங்கனீசு மிகக் குறைவு. பாராடக்கமைட் ஒரு செம்புக் குளோரைடு. நல்ல மழை பெறும் நாட்டில் நிலைக்காது, உப்பு நீரும் வறட்சியும் உள்ள நிலத்தில்தான் நிலைக்கும். திம்னாவில் இன்னும் மேலே, கேம்பிரியத்துக்கு வெகு பிந்தைய கிரெட்டேசியக் காலத்து வெள்ளை மணற்பாறையிலும் செம்பு உருண்டைகள் உள்ளன. அங்கே பண்டையோர் தோண்டிய ஆயிரக்கணக்கான குழிகளில் பெரும்பாலானவை அந்த மேல் மணற்பாறையைத் தேடிப் போனவை. ஆக, பழைய அடுக்கில் பிடிபட்ட செம்பின் ஒரு பகுதி மீண்டும் கரைந்து, பிளவுகள் வழியே நகர்ந்து, புதிய இடங்களில் படிந்திருக்கிறது. மாங்கனீசு அவ்வளவு எளிதில் நகரவில்லை. ஆகவே கறுப்பும் பச்சையும் சேர்ந்திருக்கும் இடம் பழைய பொறியின் இடம் என்றும், பச்சை மட்டும் இருக்கும் இடம் பின்னாளில் இடம்பெயர்ந்த செம்பின் இடம் என்றும் ஒரு முதல் கணிப்பாக வைத்துக்கொள்ளலாம். களத்தில் இந்தக் கணிப்பு பெரும்பாலும் உதவும்.

சினாய்த் தீபகற்பத்தின் மேற்கில் உள்ள உம் போக்மாவைப் பற்றியும் ஒரு சொல். அங்கேயும் டாலமைட்டோடு ஒட்டி மாங்கனீசு–இரும்புத் தாது வில்லை வில்லையாக இருக்கிறது, அக்கம்பக்கத்தில் செம்பும் உண்டு. எகிப்தியர்கள் நீலப்பச்சைக் கல்லான டர்க்காய்ஸைத் தோண்டிய செராபித் அல்-காதிம் அதே வட்டாரம், டர்க்காய்ஸும் செம்பு கலந்த பாஸ்ஃபேட்டுதான். ஆனால் அந்த டாலமைட் கார்பானிஃபெரஸ் காலத்தது, அதாவது புர்ஜைவிடப் பல கோடி ஆண்டுகள் இளையது. வயது வேறு, அடுக்கு வேறு, ஆனால் கேடயப்பாறையின் ஓரம், மணற்பாறைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய டாலமைட் என்ற அமைப்பு ஒன்றே. ஒரு குறிப்பிட்ட எரிமலை நிகழ்வைவிடப் பொறியின் அமைப்பே முக்கியம் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது கேள்விக்கு விடை: ஆம், மெய்தான், அதற்கு உறுதியான காரணங்கள் உள்ளன. திம்னா செங்கடலின் அகபா வளைகுடா முனையிலிருந்து வடக்கே 30 கிலோமீட்டருக்குள், பள்ளத்தாக்கின் மேற்குக் கரையில் உள்ளது. அங்கிருந்து ஃபைனான் வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தொலைவில், கிழக்குக் கரையில் உள்ளது. திம்னாவிலும் தேய்ந்த கேடயப்பாறை, அதன் மேல் மணற்பாறை, அதன் மேல் கேம்பிரியக் காலத்து டாலமைட்–களிப்பாறை, அதற்குள் மாங்கனீசும் செம்பும் என்று அதே வரிசை. ஆனால் திம்னாவுக்கு நேர் எதிரே, கிழக்குக் கரையில், இந்த வரிசை பொருந்தவில்லை. டாலமைட் அங்கே மெலிந்து மறைந்துவிட்டது. பொருந்தும் வரிசை வடக்கே வெகு தொலைவில் ஃபைனானில் இருக்கிறது. கிழக்குக் கரையை அப்படியே தெற்கே 105 கிலோமீட்டர் நகர்த்தினால் ஃபைனான் திம்னாவின் அருகில் வந்து நிற்கும், கடலோர எல்லைக் கோடும் ஒன்றோடொன்று இணையும்.

அந்த நகர்வு கற்பனையன்று. வாதி அரபாவின் நெடுக்கே ஓடுவது சாக்கடல் பெயர்ச்சிப் பிளவு; புவியோட்டின் இரு பெருந்துண்டுகள், அதாவது தட்டுகள், இதில்தான் உரசுகின்றன. அதன் மேற்கே சினாய்–ஆப்பிரிக்கப் பக்கத் தட்டு, கிழக்கே அரேபியத் தட்டு. கிழக்குப் பக்கம் மேற்குப் பக்கத்தை உரசியபடி வடக்கு நோக்கி நகர்கிறது. 1950களில் குவென்னெல் என்னும் புவியியலாளர் இரு கரைகளிலும் உள்ள அமைப்புகளைப் பொருத்திப் பார்த்து, இந்த நகர்வு முதலில் 62 கிலோமீட்டரும் பின்னர் 45 கிலோமீட்டருமாக, மொத்தம் 107 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். தட்டுப் பெயர்ச்சிக் கொள்கை பொதுவாக ஏற்கப்படுவதற்கு முந்தைய காலம் அது. அந்தக் கணக்கு இன்றைய மதிப்பான 105 கிலோமீட்டருக்கு இவ்வளவு நெருங்கி நிற்பது வியப்பளிக்கிறது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெடிப்புகளில் உருகிய நிலையில் ஊடுருவி உறைந்த பாறைச் சுவர்களும் இதே அளவு விலகிக் கிடப்பதால் நகர்வு அதன் பிறகே தொடங்கியது எனத் தெரிகிறது. 105 கிலோமீட்டரை இரண்டு கோடி ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். இன்று செயற்கைக்கோள் வழி அளக்கும் வேகமும் இதையொட்டியே இருக்கிறது. தாது முதலில் படிந்து 49 கோடி ஆண்டுகள் ஒரே துண்டாக இருந்த அடுக்கை இந்தப் பிளவு கடைசி இரண்டு கோடி ஆண்டுகளில் அறுத்து இரு நாடுகளில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. ஆனாலும் "ஒரே படிவு" என்பதை ஒரே அடுக்கின், ஒரே கடலோரப் பட்டையின் பகுதிகள் என்ற பொருளில்தான் சொல்ல வேண்டும். ஒரே சுரங்கத்தை வாளால் அறுத்த இரு பாதிகள் என்ற பொருளில் சொன்னால் அது மிகை.

இந்த உறவு தொல்லியலாளர்களுக்குப் பெரிய சிக்கலைக் கொடுத்திருக்கிறது. பழைய செம்புப் பொருள் ஒன்று எந்தச் சுரங்கத்தின் உலோகம் என்பதை அறிய அதிலுள்ள ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது நிறை வேறுபடும் ஈய அணு வகைகளின் விகிதத்தை, அளப்பார்கள். மாங்கனீசோடு சேர்ந்த தாதுவில் ஈயம் ஓரளவு இருப்பதால் அளப்பது எளிது. ஆனால் ஃபைனானின் விகிதங்களும் திம்னாவின் விகிதங்களும் ஓரளவு ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன, ஒரே அடுக்கென்றால் அப்படித்தானே இருக்கும். அதனால் பல பொருள்களைப் பற்றி வாதி அரபாவின் செம்பு என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது, எந்தக் கரை என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. கிரேக்கத்தில் ஒலிம்பியா கோயில் வளாகத்தில் கிடைத்த பழைய வெண்கல முக்காலிக் கொப்பரைகளின் செம்பு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போனது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு சிறு கடலோர அடுக்கின் உலோகம் அத்தனை தூரம் பயணித்திருக்கிறது.

மூன்றாவது கேள்விக்குப் போகும் முன், கசடு ஏன் அங்கே அவ்வளவு கிடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் மாங்கனீசின் கதைதான். ஃபைனான் வட்டாரத்தில் ஒன்றரை முதல் இரண்டு இலட்சம் டன் வரை பழங்கால உலைக் கசடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. கிர்பத் அன்-நஹாஸ், அதாவது செம்பு இடிபாடு என்ற பெயர் கொண்ட இடத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 முதல் 60,000 டன். அங்கே 2006இல் அகழ்ந்தபோது கசடுக் குவியல் ஆறு மீட்டருக்கும் மேல் ஆழம் இறங்கியது. கதிரியக்கக் கார்பன் முறைப்படி அது பெரும்பாலும் கி.மு. 12 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையான இரும்புக் காலத்தைச் சேர்ந்தது. பின்னர் ரோமானியர்கள் மீண்டும் பெரிய அளவில் தோண்டினார்கள். உம் அல்-அமத் என்னும் இடத்தில் பாறைத் தூண்களை விட்டுவிட்டுக் குடைந்த அகன்ற சுரங்கக் கூடத்தில் உளியின் தழும்புகள் இன்றும் இருக்கின்றன. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறித்தவர்கள் தண்டனையாக ஃபைனோ என்ற இந்தச் செம்புச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டதைச் செசரியாவின் யூசிபியஸ் பதிவு செய்திருக்கிறார். அக்கால உலைகள் விட்டுச்சென்ற செம்பும் ஈயமும் ஃபைனான் மண்ணில் இன்னும் இயல்பைவிடக் கூடுதலாக உள்ளன; ஆடு மேய்க்கும் பெதுவீன் குடும்பங்கள் வாழ்வது அந்த மண்ணின் மேல்தான் என்பதை மறக்கக்கூடாது.

செம்பை உருக்கும்போது தாதுவோடு வரும் மணலையும் சிலிக்காவையும் பிரித்து ஓட விட வேண்டும். சிலிக்கா தனியாக உருக 1,700 பாகை செல்சியசுக்கும் மேல் வெப்பம் வேண்டும். துருத்தியால் ஊதும் மரக்கரி உலையில் அது நடவாது. இரும்பு அல்லது மாங்கனீசு ஆக்சைடு சேர்ந்தால் இரண்டும் கூடி 1,200 பாகையை ஒட்டிய வெப்பத்திலேயே இளகி ஓடும் கசடாகின்றன. உலையில் சேர்க்கும் இந்தத் துணைப்பொருளை இளக்கி என்பார்கள். திம்னாவில் தொடக்க காலத்தில் இரும்பு ஆக்சைடைத் தேடி எடுத்துச் சேர்த்தார்கள். ஃபைனானின் டாலமைட் அடுக்கிலோ இளக்கி தாதுவுக்குள்ளேயே இருந்தது. பச்சையைத் தோண்டினால் கறுப்பும் கூடவே வந்தது. அதோடு இன்னொரு நன்மையும் உண்டு. உலையில் கரி மிகுந்து ஒடுக்கம் (ஆக்சைடிலிருந்து ஆக்சிசனைப் பறிப்பது) வலுவானால் இரும்பு ஆக்சைடின் ஒரு பகுதி உலோக இரும்பாகிச் செம்பில் கலந்துவிடும், கசடும் கட்டியாகும். மாங்கனீசு ஆக்சைடு அந்த வெப்பத்தில் உலோகமாகாது, கசடிலேயே நின்றுவிடும். எனவே ஒடுக்கத்தை வலுவாக வைத்துக் கசடில் போகும் செம்பைக் குறைக்கலாம், உலோகமும் தூய்மையாக இருக்கும். திம்னாவின் பிற்கால அடுக்குகளில் அங்குள்ளவர்களும் மாங்கனீசு இளக்கிக்கு மாறியது கசடின் வேதியியலிலிருந்து தெரிகிறது. வேதியியல் என்ற துறையே இல்லாத காலத்தில், நெருப்பின் நிறத்தையும் கசடின் ஓட்டத்தையும் பார்த்தே இதைக் கண்டறிந்த அந்த உலைக்காரர்களின் அறிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இன்றைய நிலையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். தாது அடுக்கு மெல்லியது, களியும் சிலிக்காவும் கலந்தது, அதன் ஒரு பகுதி தானா உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஜோர்தான் அரசு காப்பகத்தின் எல்லையை மாற்றிச் செம்புள்ள பகுதியைப் பிரிக்க முனைந்தபோது, காப்பகத்தை நடத்தும் இயற்கைப் பாதுகாப்புக்கான அரச சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. திம்னாவில் நவீனச் சுரங்கம் 1950களில் தொடங்கி 1976இல் நின்றது. என் கருத்தில், இப்படிப்பட்ட மெல்லிய அடுக்கைத் திறந்து வெட்டினால் கிடைக்கும் செம்பைவிட அழியும் பதிவின் மதிப்பு பெரிது. ஏனெனில் கேம்பிரியக் கடலோரமும், தட்டு நகர்வும், பல ஆயிரம் ஆண்டுச் சுரங்கத் தொழிலும் ஒரே சரிவில் படிக்கக் கிடைக்கும் இடம் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி கல்லைப் பிரித்தறியும் முறை. தாதுவும் கசடும் இரண்டுமே கறுப்பு, இரண்டுமே கனம், இரண்டிலும் பச்சை உண்டு. எனவே நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில் வடிவத்தைப் பாருங்கள். கசடின் மேற்பரப்பில் கூழ் வழிந்து உறைந்தது போன்ற மடிப்புகள் இருக்கும், அடிப்பக்கத்தில் மணலும் சிறு கற்களும் ஒட்டியிருக்கும், உடைந்த முகத்தில் வளிக்குமிழ் பொந்துகளும் சில வேளை மரக்கரியின் அச்சும் தெரியும். தாதுவில் குமிழ் இராது. அடுக்குகளோ திராட்சைக் கொத்து போன்ற புடைப்புகளோ இருக்கும். அடுத்து, மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்துப் பாருங்கள்: மாங்கனீசு ஆக்சைடுத் தாது கறுப்பு அல்லது கரும்பழுப்புக் கோடு இடும், கண்ணாடித் தன்மையுள்ள கசடு இடும் கோடு வெளிறியிருக்கும். ஐயம் தீரவில்லையென்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரசன் பெராக்சைடு ஒரு துளி போதும். நான்கிணைதிற மாங்கனீசு ஆக்சைடு பெராக்சைடைச் சட்டென்று சிதைப்பதால் தாதுவின் மேல் நுரை பொங்கும். கசடில் உள்ள மாங்கனீசு உலையில் ஒடுக்கப்பட்டு ஈரிணைதிறச் சிலிக்கேட்டாக, பெரும்பாலும் டெஃப்ரோயைட்டாக, மாறிவிட்டது. அதன் புதிய முகத்தில் அப்படிப் பொங்காது. புதிய முகம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மூவாயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்த கசடின் மேல்தோலில் மாங்கனீசு மீண்டும் ஆக்சைடாகியிருக்கக்கூடும், அங்கே துளியை விட்டால் ஏமாந்துபோவீர்கள். பச்சைக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்: மாலகைட் நுரைக்கும், கிரைசோகொல்லா நுரைக்காது. கசடின் பச்சை பெரும்பாலும் உள்ளே சிக்கிய செம்பு மணிகள் துருப்பிடித்ததால் வந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் அது இழையாக ஓடாமல் வட்டப் புள்ளிகளாக இருக்கும், நடுவில் சிவந்த உலோகம் மீந்திருக்கவும் கூடும். சோதனைக்கு ஓடைப் படுகையில் உருண்டு கிடக்கும் துண்டுகளை மட்டும் எடுங்கள். கசடுக் குவியலிலிருந்து எதையும் பெயர்த்தெடுக்க வேண்டாம். அங்கே ஒவ்வொரு துண்டும் எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் உலைகளின் காலம் கணிக்கப்படுகிறது.